அம்மாவின் எடைக்கு ஊறிய கிணறு

எங்கள் அம்மாவுக்கு மூத்திரம் நின்றுபோன வாரம்தான் எங்கள் ஊர்க் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது. முதலில் கண்டுபிடித்தது அடுத்த வீட்டுச் செண்பகவடிவு சித்தியின் ஆடு. எங்கள் ஊரான நண்டோடைக்கு மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். நான் பிறப்பதற்கு முன்னால் தோண்டிய அந்தக் கிணற்றில் காக்கா கூட வாய் வைக்காது, நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் லாரிதான் எங்களுக்குக் கிணறு, ஆறு, மழை எல்லாம். அப்படிப்பட்ட கிணற்றங்கரைத் தொட்டியில் யாரோ சிந்திய தண்ணீரை ஆடு நக்கி நக்கிக் குடித்தது, சித்தி அதை இழுத்துப் பார்த்தாள், வரமாட்டேன் என்றது, தானும் ஒரு கை அள்ளி வாயில் விட்டாள், பிறகு ஆட்டை இழுக்கவில்லை.

ஊர்த்தலைவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி வந்து குடித்துப் பார்த்து, "பதநீ கணக்கா இருக்கு," என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கேயோ அடைத்தால் எங்கேயோ திறக்கத்தானே வேண்டும் என்று சொல்லிக்கொண்டு குடத்தை எடுக்க வீட்டுக்குப் போனார்கள்.

அம்மாவின் பெயர் ஆவுடைத்தங்கம். இருபத்தியொரு வருடம் உப்பளத்தில் பலகை போட்டு உப்பு இழுத்தவள். உப்பளத்தில் ஒரு செடி கிடையாது, ஒரு சுவர் கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை, அதில் ஒரு பெண் ஒதுங்க வேண்டும் என்றால் ஒரு மைலுக்கு அவளைத் தெரியும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகும் முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வேலையிலும் குடிக்க மாட்டார்கள், வந்தாலும் அடக்கியே இருப்பார்கள், வெயிலில் உடம்பு வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அம்மாவும் அப்படித்தான். வெயில், அடக்கினது, மாத்திரை எல்லாம் சேர்ந்து இரண்டு கிட்னியும் சுண்டிப்போய்விட்டது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அப்பா கேரளாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டவர். ஆக, நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. சிறுநீரகத்தின் படம் வரைந்து பாகம் குறித்து ஐந்து மதிப்பெண் வாங்கியவள் நான், அது நின்றுபோனால் ஒரு மனுஷிக்கு என்ன ஆகும் என்று அந்தப் படத்தில் எங்கேயும் குறிக்கவில்லை.

அதை எனக்குச் சொன்னது டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராணி அக்கா. திங்களும் வியாழனும் நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி, ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், பனங்காய் நீளத்துக்கு ஒரு குழாய் இருக்கும், அதற்குள்ளே முடியை விட மெல்லிசாக ஆயிரக்கணக்கான குழல், ரத்தம் குழலுக்குள் ஓடும், குழலைச் சுற்றி வேறு ஒரு தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும், ரத்தத்தில் இருக்கிற கழிவும் கூடின தண்ணீரும் குழல் சுவர் வழியாக அந்தப் பக்கம் போய்விடும், சுத்தமான ரத்தம் இன்னொரு ஊசி வழியாகத் திரும்பி வரும்.

"அப்ப எப்பக்கா சரியாவும்?" என்று கேட்டேன்.

"சரியாவாதுட்டி. ஒங்க உப்பளத்துல ஒருத்திக்கு மேலுக்கு முடியலன்னா பதிலாள் அனுப்புவாவல்லா, அதான் இது. பதிலாள் நாலு மணி நேரம் செய்வான். கிட்னி ராப்பகலா செஞ்ச வேலைய அவன் எப்படிச் செய்வான்? மிச்சம் ஒங்கம்மா வாயிலதான் இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர். சோறு, கொழம்பு, மாத்திர முழுங்குற தண்ணி எல்லாம் சேர்த்து."

ஊசி போடும் கையில், இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் தூரத்து உப்பளத்தில் உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டார் மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். அது கேட்கிற வரைக்கும் கை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், தினமும் காலையில் கேட்டுப் பார் என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் பல் தேய்க்கும் முன்னால் அம்மா கையைக் கேட்டேன்.

முதல் தடவை மெஷினில் போட்டு மூன்று லிட்டர் தண்ணீரை உறிஞ்சி எடுத்த அன்றைக்கு, அதே நேரத்தில், இங்கே கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த பெண்களின் வாளி தரை தட்டியது. புதன்கிழமை அம்மாவின் முகம் வீங்கியது, கிணறு ஏறியது. வியாழன் மெஷின், கிணறு இறங்கியது. மூன்று வாரம் இப்படி ஏறி இறங்கிய பிறகு செண்பகவடிவு சித்தி, அரிசி களைந்துகொண்டே, ஏதோ பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததைச் சொல்வது போல, "ஆவுடைக்கு வீங்குனா கிணறு நெறையுது," என்றாள். அவ்வளவுதான், ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் உலர்ந்த எடை ஐம்பத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தார்கள், அதாவது உடம்பில் வேண்டாத தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாதபோது அவள் இருக்க வேண்டிய எடை. பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஏணி போட்டு ஆளை இறக்கி, கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட வைத்தார். அடிச் சகதியில் ஐம்பத்திரண்டு. அதற்கு மேல் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு என்று ஐம்பத்தெட்டு வரைக்கும். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அவர் கிணற்றை எட்டிப் பார்த்து, "ஐம்பத்தஞ்சர," என்று சொல்லி அனுப்புவார், அங்கே தராசில் ஏறினால் ஐம்பத்தைந்தரைதான் இருக்கும். ஒரு நாளும் தப்பவில்லை.

ஊர் இதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணம், சடங்கு எல்லாம் ஞாயிறும் புதனும் என்று ஆனது, ஏனென்றால் அன்றைக்குத்தான் கிணறு நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமைத் தலைக்குளியல் புதன்கிழமைக்கு மாறியது. பெண்களின் தலைமுடி உப்புப் பிசுக்கு போய் மினுமினுத்தது, குழந்தைகளின் தொடையில் இருந்த புண் ஆறியது, நல்லா இருக்கியா என்று கேட்பதை விட்டுவிட்டு எடை என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மாவை வேலைக்குப் போக விடவில்லை. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், அதில் அடிக்கடி கருவாட்டுக் குழம்பு வந்தது, உப்பு தூக்கலாக. உப்பு கூடினால் தாகம் கூடும், தாகம் கூடினால் தண்ணீர் கூடும், தண்ணீர் கூடினால் கிணறு கூடும். வேண்டுமென்றே செய்தார்களா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். எங்கள் ஊரில் யாரும் எதையும் வேண்டுமென்றே செய்வதில்லை.

நான் அந்தக் குழம்பைக் கொட்டினேன். ஆனால் கிணற்றில் ஏழு குடம் இறைத்து வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இரண்டையும் நான்தான் செய்தேன்.

அம்மா மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவளுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் இருந்தது, அதில் அஞ்சு தடவை, அதுவும் பழைய லாரித் தண்ணீரைக் காய்ச்சி வைத்தது. அது தீர்ந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தபோது டம்ளரை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஏம்மா?"

"எம் மேலு வாட அடிக்குட்டி."

"எனக்கு ஒண்ணும் அடிக்கல."

"ஒனக்கு எப்படி அடிக்கும்? அதுக்குள்ளதான பத்து மாசம் கெடந்த," என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தாள். வேறு வழியில்லாமல் பிறகு அதையேதான் குடித்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. ஏனென்றால் நண்டோடையில் ஊற்று கண்டுவிட்டது என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்து, லாரி வருவது நின்றுவிட்டது.

வைகாசியில் முத்தாரம்மன் கோயில் திருவிழாவான கொடை வந்தது. கொடை செவ்வாய்க்கிழமை. திங்கள் மெஷினில் போட்டால் செவ்வாய்க்கிழமை கிணற்றில் சகதிதான் இருக்கும். இருபது வருடமாக லாரித் தண்ணீரில், அதுவும் பாதிப் பேர் குளிக்காமல் நடத்திய கொடை அது, இந்த வருடம் வெளியூர்ச் சொந்தமெல்லாம் வருகிறது, அம்மனுக்கு நூற்றியெட்டுக் குடம் அபிஷேகம் என்று பேசி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பொன்னுலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெகு தூரத்தில் கழற்றினார், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தாயி," என்றார் அம்மாவைப் பார்த்து, "நா கேக்கக் கூடாது. கேக்கேன். திங்கக்கெழம போவாண்டாம். புதங்கெழம நானே கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டே ரெண்டு நாளு."

செண்பகவடிவு சித்தி கதவில் சாய்ந்துகொண்டு, "போன ஐப்பசி மழைக்கு ரோடு முங்கி ஒரு தடவ போவலயே, ஒண்ணும் ஆவலயே மைனி," என்றாள்.

"அப்ப ஆவலன்னா இப்பவும் ஆவாதா?" என்றேன்.

"ஏட்டி, பெரியவிய பேசுறாவ."

"மெஷினுக்குப் பெரியவிய சின்னவிய தெரியாது சித்தி."

அண்ணாச்சி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிள்ள சொல்றதும் சரிதான். நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க," என்று எழுந்து போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ என்னட்டி சொல்லுத?"

இப்போது நான் பொய் சொல்லலாம். அந்தப் பதினோரு மாதத்தில் தொண்ணூறு தடவைக்கு மேல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே மருந்து வாடை, அதே பெஞ்சு, பக்கத்துக் கட்டிலில் போன வாரம் இருந்த ஆள் இந்த வாரம் இல்லாமல் இருப்பது, கடைசி மணி நேரத்தில் அம்மாவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு இழுத்து அவள் போடுகிற சத்தம். ஒரே ஒரு திங்கள்கிழமை அதெல்லாம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பாவாடை தாவணி எடுத்து வைத்திருந்தேன்.

"ஒரு தடவதானம்மா," என்றேன்.

"சரி," என்றாள். உடனே சொன்னாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது போல.

திங்கள்கிழமை கிணறு ஐம்பத்தேழைத் தாண்டியது. செவ்வாய் காலையில் ஐம்பத்தெட்டு, அதற்கு மேல் கோடே இல்லை, அண்ணாச்சி கிணற்றைப் பார்த்துக் கும்பிட்டார். மேளம் வந்தது, வில்லுப்பாட்டு வந்தது, கிணற்றங்கரையில் நானும் என் வயதுப் பிள்ளைகளும் மாறி மாறித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கத்தினோம், பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் கண்டதில்லை. அம்மா வீட்டில் சுவரில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், படுத்தால் மூச்சு முட்டும். கண்ணிரண்டும் வீங்கி இடுங்கிப் போயிருந்தது. அன்று காலையில் அவள் கையைக் கேட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போயிட்டு வாட்டி என்று அவளே அனுப்பினாள்.

ஜெபராணி அக்கா என்னிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். "தண்ணி கூடுனா மூச்சு முட்டும், அதுக்காவது ஓடி வர நேரம் இருக்கு. இளநி, வாழப்பழம் இதெல்லாம் குடுத்துராத, அதுல இருக்குற பொட்டாசியத்த வெளிய தள்ள ஒங்கம்மாவுக்குக் கிட்னி இல்ல. அது நெஞ்ச நிறுத்திரும். சொல்லிக்கிட்டு வராது." முதல் விஷயத்தை ஊர் முழுக்கச் சொன்னேன், வாசலில் அட்டையில் எழுதியே ஒட்டினேன், எங்கம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று. இரண்டாவதைச் சொல்லவில்லை. நண்டோடையில் தென்னை கிடையாது, உப்பு மண்ணில் அது வளராது, இளநீரை இங்கே யார் கொண்டுவந்து கொடுக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கொடைக்கு அம்மனுக்குப் படைக்க ஒரு வண்டி இளநீர் வந்திருந்தது.

நான் ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். வாசலில் சீவிய இளநீர்க் கூடு கிடந்தது. எண்ணினேன். ஏழு. உள்ளே அம்மாவைச் சுற்றி ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, சீர் கொண்டுவந்தவர்கள் மாதிரி. செண்பகவடிவு சித்தி எட்டாவதை அவள் வாயில் பிடித்திருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள், கழுத்து வழியாக வழிந்து ஜாக்கெட் நனைந்திருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் அவள் முகத்தில் நான் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததே இல்லை.

கூட்டைத் தட்டிவிட்டேன். சித்திக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னட்டி ஒனக்கு? ஊரே கும்பிடுது இவள. நாங்க ஒரு வாய் குடுக்கக் கூடாதா?"

"அட்டையில எழுதிப் போட்டிருக்கேம்லா?"

"தண்ணிதான குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்க. இளநி தண்ணியாட்டி? மருந்துல்லா. குடிச்சா மூத்திரம் போவும்னு எல்லாருந்தான் குடிக்காவ."

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் இளநீர், அம்மை என்றால் இளநீர், மூத்திரக் கடுப்பு என்றால் முதலில் இளநீர். அம்மாவுக்கு மூத்திரம் வர வேண்டும் என்றுதான் அந்தப் பெண்கள் அவ்வளவு பேரும் ஆசைப்பட்டார்கள். அது வந்தால் கிணறு வற்றிவிடுமே என்று அவர்களில் ஒருத்தியும் யோசிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

"அவியள வையாதட்டி," என்றாள் அம்மா. "நாந்தான் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேட்டேன்."

மூன்று மணிக்கு அம்மா, உதடு மரத்துப்போகிறது என்றாள். பிறகு கால் தன்னுடையது மாதிரி இல்லை என்றாள். எங்கள் தெரு சுயம்பு அண்ணன் கொடைக்காகத் தன் ஆட்டோவில் மாலை கட்டி வைத்திருந்தான், அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு அவளைத் தூக்கி ஏற்றினோம். ஊரை விட்டு வெளியே போக கிணற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். நூற்றியெட்டாவது குடம் இறைத்து முடித்து, இறைத்த இடம் தெரியாமல் கிணறு நிறைந்து கிடந்தது. பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஆட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு நொடி, ஒரே நொடி, கிணற்றையும் பார்த்தார். பிறகுதான் கூட்டத்தை விலக்கி வழி விடச் சொன்னார். அந்த ஒரு நொடிக்காக நான் அவரை வெறுக்கலாம். ஆனால் சனிக்கிழமை நான் எடுத்துக்கொண்டதும் அதே அளவு நேரம்தான்.

இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் ரோடு. அம்மாவின் தலை என் மடியில். அவள் இடது கையை எடுத்து என் காதில் வைத்துக்கொண்டேன். மோட்டார் ஓடியது. ரயில் கேட் மூடியிருந்தது, சரக்கு ரயில், உப்பு ஏற்றிய பெட்டிகள், ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது, சுயம்பு அண்ணன் ஆட்டோவை விட்டு இறங்கி ரயிலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் வைதான். கையில் மோட்டார் ஓடியது, விட்டு விட்டு ஓடியது, டீசல் தீர்ந்தது மாதிரி இரண்டு தடவை இழுத்தது. கடைசிப் பெட்டி போய் கேட் திறந்தபோது என் காதில் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கையை அடுத்த காதுக்கு மாற்றி வைத்தேன். ஆட்டோ சத்தத்தில்தான் கேட்கவில்லை என்று நினைத்து, "அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணுங்க," என்றேன். அவன் ஆஃப் பண்ணினான். உப்பளத்தில் காற்று மட்டும் அடித்தது.

எங்கள் பக்கம் செத்தவர்களைக் குளிப்பாட்டுவதற்கு மேளத்தோடு போய் நீர்நிலையில் தண்ணீர் எடுத்து வருவோம், நீர்மாலை என்று பெயர். மகன் எடுக்க வேண்டும், மகன் இல்லாததால் என்னை எடுக்கச் சொன்னார்கள். நண்டோடையில் அதுவரைக்கும் நீர்மாலை கடலில்தான். அன்றைக்கு மேளக்காரர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தெருமுனையில் நின்றார். கடல் பக்கம் போகலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. கிணற்றங்கரையில் வாளி தேவைப்படவில்லை, தண்ணீர் விளிம்பில் நின்றது, குனிந்து குடத்தை முக்கினேன். அம்மாவை அம்மாவில் குளிப்பாட்டினோம்.

கிணறு அதற்குப் பிறகு இறங்கவில்லை. இறக்குவதற்கு மெஷின் இல்லை. எவ்வளவு இறைத்தாலும் மறுநாள் அதே இடத்தில், ஐம்பத்தெட்டுக்கு மேலே, கோடில்லாத இடத்தில் வந்து நிற்கிறது.

துர்மரணமாகப் போனவர்களை எங்கள் ஊரில் சும்மா விட மாட்டார்கள், பீடம் போட்டுக் கும்பிடுவார்கள், இல்லை என்றால் பயம். நாற்பத்தியோராம் நாள் கிணற்றங்கரையில் அம்மாவுக்குப் பீடம் கட்டி வெள்ளையடித்தார்கள். ஆவுடைத்தங்கம்மன் என்று பெயர் எழுதினார்கள். இந்த வருடக் கொடையில் அவளுக்கும் படையல். சாமிக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதைத்தான் படைக்க வேண்டும், கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது இளநீர்தானே என்று செண்பகவடிவு சித்தி சொன்னாள், உண்மையாகவே அழுதுகொண்டுதான் சொன்னாள், எட்டு இளநீர் சீவி வரிசையாக வைத்தார்கள்.

"மொதல்ல நீ எடுத்து ஊத்து தாயி," என்றார் பொன்னுலிங்கம் அண்ணாச்சி என்னிடம். இப்போது என்னையும் தாயி என்றுதான் கூப்பிடுகிறார்.

நான் ஊற்றவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க எட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கி உப்பு மண்ணில் கவிழ்த்தேன். யாரும் தடுக்கவில்லை. சாமி வந்துவிட்டது என்று குலவை போட்டார்கள். அடுத்த வருடத்திலிருந்து அதுவே முறை என்று முடிவு செய்துவிட்டார்கள், மகள் வந்து எட்டு இளநீரைக் கவிழ்க்க வேண்டும்.

நான் இப்போது அம்மா நின்ற அதே பாத்தியில் உப்பு இழுக்கிறேன். செண்பகவடிவு சித்தி என் பக்கத்துப் பாத்தி. வேலையில் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிப்பதில்லை, ஒதுங்க இன்னும் இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சின்ன டம்ளரை எடுத்துக் குடத்தில் முக்குகிறேன். லாரி வருவதில்லை, வேறு தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் மோந்து பார்க்கிறேன், அவள் சொன்ன வாடை அடிக்கிறதா என்று.

அடிக்கவில்லை. தண்ணீர் நன்றாக இருக்கிறது. அஞ்சாவது டம்ளரோடு நிறுத்த வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், தினமும் ஆறாவதையும் முக்கிக் குடிக்கிறேன்.